பிரசிடெண்டம்மா கேட்டுத்தான் ஆடுனாங்க

கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க தம்பி. எனக்காக இல்ல, உறுமிக்காக. மழைக்காத்து பட்டா தோலு தொய்ஞ்சு போயிரும். அப்புறம் உங்க வீட்டு வாசல்ல நின்னு நான் குச்சியை வச்சு இழைக்கிறப்போ அது உறுமாது, இருமும். மடியிலேயே இருக்கட்டும், எனக்குப் பாரமில்ல. பின்னால வேன்ல வர்றவனுக எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் கொண்டு வருவானுக. தவிலு தாங்கும். இது தாங்காது.

ஏறுனதுல இருந்து என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க. கேக்கலாமா வேண்டாமான்னு நெனைக்கிறீங்க. அப்பாவைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கீங்க, உங்களை நான் ஏன் தவிக்க விடணும். ஆமா தம்பி, நான்தான். போன வருசம் டிவியில ரோஸ் கலர் பட்டுச் சட்டையும் நெத்தி நெறைய துன்னூறுமா ஒருத்தன் பேசுனானே, உறுமி பூலோகம்னு கீழ பேரு கூடப் போட்டானே, அது நான்தான். உங்க மச்சான் கூட அதைப் பாத்துட்டுத்தான் என்னைத் தேடிப் பிடிச்சதாச் சொன்னாரு.

அதோட சேத்துக் காட்டுன வீடியோவுல ஒண்ணு கவனிச்சீங்களா? எங்க பஞ்சாயத்துப் பிரசிடெண்டம்மா ஆடுவாங்க, கூட ஒரு சினிமாப் பாட்டு ஓடும். ஓடும்ல? அந்தப் பாட்டு அங்க இல்லவே இல்ல தம்பி. அங்க இருந்தது என் உறுமி. என் உறுமிச் சத்தத்தை வழிச்சுப் போட்டுட்டு, எவனோ எவளையோ இடுப்பைப் பிடிச்சு ஆடுற பாட்டைக் கொண்டாந்து ஒட்டுனானுக. கை கூசல அவனுகளுக்கு. பெத்த தகப்பனைப் பாடையில வச்சுக்கிட்டு மக ஆடுது. பாடையை வெட்டிட்டான். சுத்தி நின்னு அழுத சனத்தை வெட்டிட்டான். மிச்சம் என்ன இருக்கும்? ஒரு பொம்பள துண்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆடுறா, அவ்வளவுதான இருக்கும்.

இந்த டிவிக்காரனுக நல்லா இருக்க மாட்டானுக தம்பி. நான் யாரையும் சபிக்கிற ஆளு இல்ல. ஆனா அவனுகளை நெனைச்சா எனக்கு வயிறு எரியுது.

அவங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க வெளியூர்ல இருக்கிற ஆளு. முத்துப்பேச்சின்னு பேரு. எங்க நல்லூரணி பஞ்சாயத்துக்குப் பிரசிடெண்டு. பொம்பள பிரசிடெண்டுன்னா என்ன நடக்கும்னு ஒங்களுக்கே தெரியும். நாற்காலி பொண்டாட்டி பேருல இருக்கும், புருசன்காரன் அதுல உக்காந்து மீசையை முறுக்குவான். இவங்க வீட்டுக்காரரு அப்படி இல்ல. ஆபீஸ் வாசல் வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டுட்டு ஆடு பத்தப் போயிருவாரு. உள்ள இந்தம்மாதான் எல்லாம். பைப்பு, லைட்டு, ரேஷன் கடை, எது கேட்டாலும் போகும், நிக்கும், முடிச்சுட்டுத்தான் வரும்.

எனக்கு அவங்க செஞ்சது ஒண்ணு சொல்றேன். எங்க ஊர்ல சுடுகாட்டுப் பாதை இருக்கே, மழை பேஞ்சா முழங்கால் வரைக்கும் சேறு. பொணத்தைத் தூக்குறவன் வழுக்குவான், நான் உறுமியைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுச் சும்மா நடப்பேன். செத்தவன் பாதி வழி ஊமையாத்தான் போவான். இதை எத்தனை பிரசிடெண்டுகிட்ட சொல்லியிருப்பேன். செத்தவன் ஓட்டுப் போடுவானான்னு கேட்டவன் கூட உண்டு. இவங்க வந்தாங்க, சிமெண்டுப் பாதை போட்டாங்க, ரெண்டு பக்கமும் லைட்டு வச்சாங்க. போட்டு முடிச்ச அன்னைக்கு என்னைக் கூப்பிட்டு விட்டு, "அண்ணே, இனிமே வீட்டு வாசல்ல இருந்து குழி வரைக்கும் நிறுத்தாம அடிக்கலாம்ணே"ன்னு சொன்னாங்க. ஒரு கலைஞனை மதிச்சு இப்படி எவன் சொல்லியிருக்கான்? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அந்தப் பாதையில அவங்க அப்பாவே மொதல்ல போவாருன்னு யாருக்குத் தெரியும்.

வெள்ளைச்சாமி அய்யா. கெணறு வெட்டுற மனுசன். பேரன் பேத்தி எல்லாம் பாத்து, பல்லு போய், காது போய், தூக்கத்துலயே போயிட்டாரு. கல்யாணச் சாவு. அந்த மாதிரி சாவுக்கு நாங்க அழுகையா அடிக்கிறதில்ல, கொண்டாட்டமாத்தான் அடிப்போம். அவரு எங்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு. "பூலோகம், எனக்கு ஆம்பளப் புள்ள இல்லைன்னு எவனும் பேசப்படாது. என் பாடைக்கு முன்னால என் மக ஆடணும். ஆட வைக்கிறது ஒன் பொறுப்பு"ன்னு. மகன் இருந்தா மகன் ஆடுவான். தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு அப்பனுக்கு முன்னால ரெண்டு எட்டு வைப்பான். மகன் இல்லாத வீட்டுல யாரு ஆடுவா? அது பெரியவருக்கு மனசுல கெடந்து அறுத்திருக்கு.

செவ்வாக்கிழமை எடுத்தோம். அன்னைக்கே வானம் இருட்டிக்கிட்டு நின்னுச்சு. பெருமழை வரப் போகுதுன்னு கவர்மெண்டுல இருந்து சொல்லிட்டாங்களாம். பிரசிடெண்டம்மா பாடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, காதுல போனை வச்சுக்கிட்டு இருந்தாங்க. தலையை விரிச்சுப் போட்டிருக்கு, கண்ணு வீங்கியிருக்கு, ஆனா வாயி யார்கிட்டயோ, "மணல் மூட்டையாவது அனுப்பி வைங்க சார், கண்மாய்க்கரையில விரிசல் விட்டிருக்கு சார்"னு கெஞ்சிக்கிட்டு இருக்கு. எனக்குப் பாக்கச் சகிக்கல. அப்பன் கெடக்காரு, அழக்கூட நேரமில்லாம ஒரு பொம்பள நிக்குது.

நான் போய் முன்னால நின்னேன்.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்கு மறந்திருக்கும், சொல்றேன். துட்டிக்கு, அதான் சாவு வீட்டுக்கு, வந்து உறுமிக்காரன் ஒருத்தர் முன்னால நின்னு இழைச்சான்னா, அது நான் கூப்பிடுறது இல்ல, பாடையில படுத்திருக்கிறவரு கூப்பிடுறது. ஆடாம இருக்கப்படாது. நானும் அவங்க ஆடாம நகரப்படாது. அவங்க போனைக் காதுல வச்சுக்கிட்டே தலையை ஆட்டுனாங்க. "வேண்டாம்ணே. கண்மாய்க்கரை விசயமாப் பேசிக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே"ன்னாங்க. நான் விடுவேனா? செத்தவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இன்னும் ஒரு எட்டு கிட்டப் போனேன். ரெண்டாந்தடவையும் வேண்டாம்னாங்க. நான் அடிக்கிறதை நிறுத்திட்டு, அந்தப் போனை அவங்க கையில இருந்து பக்குவமா வாங்கி வீட்டுக்காரர்கிட்ட குடுத்தேன். அவருக்கு என்ன தெரியும், வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அப்புறம் மறுபடி இழைச்சேன். அடிவயித்துல இருந்து வர்ற மாதிரி ஒரு உறுமல்.

அந்தம்மா என்னையே பாத்தாங்க. அப்புறம் அப்பனைப் பாத்தாங்க. சேலைத் தலைப்பை இடுப்புல இழுத்துச் சொருகுனாங்க. பெரியவர் தோள்ல போடுற துண்டு பாடை மேல கெடந்துச்சு, அதை எடுத்தாங்க. ஆடுனாங்க தம்பி.

நானும் இந்த உறுமியைத் தூக்கி எத்தனையோ வருசம் ஆச்சு. எவ்வளவோ பேரு ஆடிப் பாத்திருக்கேன். குடிச்சிட்டு ஆடுவான், பெருமைக்கு ஆடுவான், பங்காளியை வெறுப்பேத்த ஆடுவான். இது அப்படி இல்ல. அழுகை அத்தனையும் கால்ல எறங்கிருச்சு. தெருவே வாயில துணியை வச்சுக்கிட்டு அழுதுச்சு. நானும் அழுதேன். உறுமித் தோல்ல என் கண்ணீர் விழுந்து சத்தம் கம்மிப் போச்சு, அப்படியும் அவங்க காலு அடி தப்பல. பெரியவரு மனசு குளுந்துதான் போயிருப்பாரு. எவனோ ஒருத்தன் போன்ல எடுத்திருக்கான். இப்ப யாரு கையில போன் இல்ல.

அப்புறம் மழை பிடிச்சுச்சு. மணல் மூட்டை லாரி வியாழக்கிழமைதான் வந்து சேந்துச்சு. ஏன் அவ்வளவு தாமதம்னு எனக்கென்ன தெரியும், கவர்மெண்டு காரியம். வெள்ளிக்கிழமை விடியக் கண்மாய் ஒடைஞ்சு போச்சு. கெழக்குத் தெரு பூராத் தண்ணி. பஞ்சவர்ணம்னு ஒரு பொம்பள, மண்சுவரு இடிஞ்சு விழுந்து அதுலயே போயிருச்சு. நல்ல பொம்பள. பாவம். அதுக்கு ஒரு மகன், கண்ணாயிரம்னு. அவன் சுவத்தைக் கையால தோண்டுன தோண்டு இருக்கே, அதைப் பேச வேண்டாம் தம்பி.

அன்னைக்குப் பூரா பிரசிடெண்டம்மா இடுப்புத் தண்ணியில நின்னாங்க. கெழடு கட்டையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குத் தூக்குனாங்க. கண்ணாயிரம் கூடச் சேந்து அவங்களும் மண்ணைத் தோண்டுனாங்க. அப்பன் செத்த ஈரம் காயல. அதை எவனும் படம் எடுக்கல. எடுக்க எவன் வந்தான்? மறுநாள் வந்தானுக. தண்ணி வடிஞ்சதுக்கு அப்புறம், செருப்புல சேறு படாம வந்தானுக. அதுக்குள்ள அந்த வீடியோ அவனுக கைக்குப் போயிருச்சு. டிவியில போட்டான்: ஊர் மூழ்குது, பிரசிடெண்டு குத்தாட்டம். செவ்வாக்கிழமை ஆடுனதை வெள்ளிக்கிழமை ஆடுன மாதிரி போட்டான் தம்பி. நாளையே மாத்திட்டான். இவனுக நெனைச்சா என் அப்பனை நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே சாகடிச்சிருவானுக.

மைக்கைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கும் வந்தாங்க. வந்தவன் நல்லாத்தான் பேசுனான். "அய்யா, நீங்க பெரிய கலைஞராமே, பிரசிடெண்டு ஆடுனப்போ நீங்கதான் வாசிச்சதாமே"ன்னான். நான் உள்ள போய் மேளச் செட்டுச் சட்டையைப் போட்டுக்கிட்டு, துன்னூறு பூசிக்கிட்டு, உறுமியை மாட்டிக்கிட்டு வந்தேன். நாலு பேரு பாக்கிறது, கண்டபடி நிக்க முடியுமா. கொஞ்சம் வாசிச்சும் காட்டுனேன். அதைப் போடல, பாவிக. அப்புறம் கேட்டான், "அவங்களா ஆடுனாங்களா, நீங்க ஆட வச்சீங்களா"ன்னு.

இந்த எடத்துல நீங்க நல்லாக் கவனிக்கணும். எங்க தொழில்ல ஒரு மரியாதை இருக்கு. உறுமிக்காரன் வாயில, "நான் கூப்பிட்டேன், அவரு மாட்டேன்னாரு, நான் விடாம இழுத்து ஆட வச்சேன்"னு வரவே கூடாது. அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? பெத்த அப்பன் சாவுக்கு ஆட மனசில்லாத புள்ளைன்னு அர்த்தம். அந்த வீட்டுக்கே அவமானம். யாரு ஆடுனாலும், எவ்வளவு கெஞ்சி ஆட வச்சிருந்தாலும், "வீட்டுக்காரங்க கேட்டாங்க, நாங்க அடிச்சோம்"னுதான் சொல்லணும். என் அப்பா அப்படித்தான் சொன்னாரு, நானும் அப்படித்தான். இது எங்க ஆளுக எல்லாருக்கும் தெரியும்.

அதனால நெஞ்சை நிமித்திச் சொன்னேன். "பிரசிடெண்டம்மா கேட்டுத்தான் ஆடுனாங்க. 'அடிங்கண்ணே அடிங்கண்ணே'ன்னு கேட்டு வாங்கி ஆடுனாங்க. விடிய விடிய அடிச்சிருந்தாலும் ஆடியிருப்பாங்க. அப்படி ஒரு ஆட்டத்தை நான் பாத்ததில்ல"ன்னேன். அது செவ்வாக்கிழமை, அவங்க அப்பா துட்டின்னும் சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். அதை வெட்டிட்டான். மிச்சத்தைப் போட்டான். கீழ செவப்பு எழுத்துல, கேட்டு வாங்கி ஆடினார், மேளக்காரர் தகவல்னு ஓடுது, ஓடுது, நாள் பூரா ஓடுது.

என் வீட்டுக்காரி மாரிக்கண்ணு டிவியைப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. "ஏய்யா, அது வேண்டாம் வேண்டாம்னுச்சே, நான் பக்கத்துலதான நின்னேன். போனைப் பிடுங்கினது நீதான. ஏன்யா இப்படிச் சொன்ன?"ன்னா. பொம்பளைக்குத் தொழில் மரியாதை என்ன தெரியும். "நீ சும்மா இரு, நான் அவங்களைப் பெருமையாத்தான் சொல்லியிருக்கேன்"னேன். திருப்பூர்ல இருந்து என் மச்சினன் போன் போட்டான், "மாமா, டிவியில ஜம்முன்னு இருக்கீங்க"ன்னான். அவன் ஒருத்தன்தான் ஒழுங்கா பாத்தவன்.

ஆனா ஊரு கெட்டுப் போச்சு தம்பி. சுவரெல்லாம் போஸ்டரு. டிவியில நாலு பேரு கோட்டு போட்டு உக்காந்துக்கிட்டு இந்தம்மாவைப் பத்திப் பேசுறான். அவனுகள்ல ஒருத்தனுக்கு நல்லூரணி எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா? போன்ல அவங்க ஆடுறதை வச்சு என்னென்னமோ பாட்டைப் போட்டுச் சிரிக்கிறானுக. கண்ணாயிரம் அவங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, "எங்க ஆத்தா மண்ணுக்குள்ள கெடந்தப்போ ஒனக்கு ஆட்டம் கேக்குதா"ன்னு மண்ணை வாரித் தூத்துனான். அவன் கூடத்தான தோண்டுனாங்க அன்னைக்கு. அவனுக்கே மறந்து போச்சு. டிவி சொன்னா கண்ணால பாத்ததும் மறந்து போகுது.

அவங்க என் வீட்டுக்கு வந்தாங்க. சாயங்காலம், வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஆளு பாதியாப் போயிருந்தாங்க. மாரிக்கண்ணு குடுத்த காப்பியைக் கையிலயே வச்சிருந்தாங்க, குடிக்கல. "அண்ணே, பெரிய ஆபீசர் விசாரிக்க வர்றாரு. மழை வருதுன்னு எச்சரிக்கை வந்த அன்னைக்கு, வேலையை விட்டுட்டு ஆசைப்பட்டு ஆடுனேன்னு எம்மேல புகார் எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க ஒண்ணும் எனக்காக இட்டுக்கட்ட வேண்டாம்ணே. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. நான் போன்ல மூட்டைக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். வேண்டாம்னேன். நீங்க விடல. அவ்வளவுதான்"னாங்க.

அவங்களுக்கு மனசு கலங்கிப் போயிருக்கு, யோசிக்க முடியல. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "அம்மா, நான் அப்படிச் சொன்னா நாளைக்கு ஊரு என்ன பேசும்? அப்பனுக்கு ஆட மாட்டேன்னு நின்ன பொண்ணுன்னு பேசும். வெள்ளைச்சாமி அய்யா ஆத்மா என்னை மன்னிக்குமா? ஒங்க பேரைக் கெடுக்கச் சொல்றீங்களே"ன்னேன். அது மட்டுமா? துட்டி வீட்டுக்குப் போற உறுமிக்காரன், அழுதுக்கிட்டு இருக்கிற பொம்பளை கையில இருந்து போனைப் பிடுங்கி ஆட வச்சான்னு நாலு ஊருக்குத் தெரிஞ்சா, அப்புறம் எவன் கூப்பிடுவான்? அதை நான் அவங்ககிட்ட சொல்லல. அது வேற விசயம். நான் சொல்ல வந்தது அவங்க பேரைப் பத்தி.

"என் பேரு எங்கண்ணே இருக்கு இப்ப"ன்னு மெதுவாக் கேட்டாங்க. காப்பியை வச்சுட்டு எந்திருச்சுட்டாங்க.

ஆபீசர் முன்னால போனேன். நல்ல மனுசன்தான், நாற்காலி போடச் சொன்னாரு. "அவங்களா விருப்பப்பட்டு ஆடுனாங்களா, கட்டாயத்துல ஆடுனாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வார்த்தையிலதான் இருக்கு"ன்னாரு. பிரசிடெண்டம்மா ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் அவங்களைப் பாத்துக்கிட்டே, டிவியில சொன்னதை விட இன்னும் நல்லாவே சொன்னேன். "அய்யா, இந்தம்மாவை யாரும் கட்டாயப்படுத்தல. கட்டாயப்படுத்தி ஆட வைக்கிற வீடா அது? கேட்டுத்தான் ஆடுனாங்க"ன்னேன். எழுதிக்கிட்டாரு. அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் அவங்களை விட்டுக் குடுக்கலைங்கிற நெனைப்புல கண் கலங்கிருச்சுன்னு நெனைக்கிறேன்.

அப்படியும் பாருங்க, பதவி போச்சு. மேல இருந்து முடிவு வர்றதுக்கு முன்னாடி அவங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. எல்லாம் அந்த டிவிக்காரனுக பண்ணுன வேலை. ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு ஒரு குடும்பத்தைச் சாச்சுப்புட்டானுக. பதவி போன அன்னைக்கு ஒருத்தன் கூட மைக்கைத் தூக்கிக்கிட்டு வரல. கண்மாய்க்கரையை இன்னும் கட்டல. சுடுகாட்டுப் பாதையில பாதி லைட்டு எரியல. அதை எவன் போடுறான் டிவியில? எனக்குச் சோறு எறங்கல தம்பி. நெசமாத்தான். நாலஞ்சு நாளு உறுமியைத் தொடல. அப்புறம் வெளியூர்ல இருந்தெல்லாம் கூப்பிட ஆரம்பிச்சாங்க, டிவியில வந்த உறுமிதான் வேணும்னு. தொழிலு, போகாம இருக்க முடியுமா.

அதுக்கப்புறம் அவங்க வெளிய வர்றதே இல்ல. ரேஷன் கடைக்குக் கூட வீட்டுக்காரர்தான் வருவாரு. எதுக்க நான் போனா அவரு ஆடுகளைப் பத்திக்கிட்டு வேற பக்கம் திரும்பிருவாரு. வாயில்லாத மனுசன், கூச்சம்.

இந்தத் தையில அவங்க அம்மாவும் போயிருச்சு. வெள்ளைச்சாமி அய்யா சம்சாரம். அதுவும் கல்யாணச் சாவுதான். யாரும் எனக்குச் சொல்லி விடல. மறந்திருப்பாங்க, துக்கத்துல எல்லாமா ஞாபகம் இருக்கும்? சொல்லி விட்டாத்தான் போகணுமா, எனக்கு அவங்க மேல இருக்கிற மரியாதைக்கு? செட்டைக் கூட்டிக்கிட்டு நானே போனேன். வாசல்ல போய் நின்னா, ஒரு சத்தம் இல்ல. கொட்டு இல்ல, சங்கு இல்ல, ஒப்பாரி கூட அடக்கி அடக்கி. ரேடியோ செட்டு கூட வைக்கல. மேளம் வேண்டாம்னுட்டாங்களாம்.

நான் உறுமியை மாட்டிக்கிட்டு வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். அவங்க உள்ள இருந்து பாத்துட்டாங்க. எந்திருச்சு, கூட்டத்தை வெலக்கிக்கிட்டு நேரா என் முன்னால வந்து நின்னாங்க. அன்னைக்கு நான் அவங்க முன்னால எவ்வளவு கிட்டப் போய் நின்னேனோ அவ்வளவு கிட்ட. தலைமுடி பூரா நரைச்சுப் போச்சு தம்பி. அதுக்குள்ள.

"இன்னைக்கு யாருண்ணே கேட்டது?"ன்னாங்க.

கோவமாக் கேக்கல. கோவமாக் கேட்டிருந்தாலும் பரவாயில்ல. சும்மா, தண்ணி வேணுமான்னு கேக்குற மாதிரி கேட்டாங்க. "நீங்கதாம்மா"ன்னு சொல்லலாம்னு பாத்தேன், அதுதான முறை. நாக்கு எழும்பல. அவங்க என்னைப் பாத்துக் கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

பாடையைத் தூக்கிட்டாங்க. நான் அங்கேயே நின்னேன். அவங்க போட்ட பாதையிலதான் அவங்க அம்மா போச்சு. சேறு இல்ல, வழுக்கல் இல்ல, நிறுத்தாம அடிச்சுக்கிட்டே போகலாம். ஒரு சத்தமும் இல்லாமப் போச்சு. தூக்குனவனுக செருப்புச் சத்தம் மட்டும் சிமெண்டுல சரக்கு சரக்குன்னு கேட்டுச்சு, அதுவும் ஒண்ணுக்கொண்ணு சேரல. அடி இல்லைன்னா நாலு பேரு காலு எப்படிச் சேரும். இந்தக் குச்சியை இப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன். மாரிக்கண்ணு வந்து உறுமியைக் கழுத்துல இருந்து கழட்டிட்டு, "வாய்யா வீட்டுக்கு"ன்னு கூட்டிட்டுப் போனா. அவளும் இப்பல்லாம் அவ்வளவாப் பேசுறதில்ல.

யோசிச்சுப் பாக்கிறேன் தம்பி, அந்தம்மா ஏன் அப்படிக் கேட்டாங்கன்னு. தூக்கம் வராதப்போ அதே சத்தம் காதுல கேக்குது. எனக்குப் புரியவே இல்ல. நான் என்ன தப்பாச் சொன்னேன்? ஒரு வார்த்தை அவங்களைக் கொறைச்சுச் சொல்லியிருக்கேனா? டிவிக்காரனுக செஞ்ச பாவம், என் மேல எதுக்கு வருத்தம்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. சரி, சரி, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. உங்களுக்கே ஆயிரம் துக்கம்.

இதுதான் ஒங்க ஊரா? பந்தல் தெரியுது. கூட்டம் பெருசாத்தான் இருக்கு, அப்பா நல்லா வாழ்ந்திருக்காரு. நீங்க ஒரே மகன்னு மச்சான் சொன்னாரு. தோளுக்குத் துண்டு இருக்கா? இல்லைன்னா அப்பா துண்டை எடுத்து வைக்கச் சொல்லுங்க. என்ன, தலையை ஆட்டுறீங்க? ஆட வராதா? யாருக்குத்தான் வரும். அதெல்லாம் நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் வந்து முன்னால நிப்பேன், காலு தானா எழும்பிரும். நாளைக்கு யாரு வந்து எங்கிட்ட கேட்டாலும், தம்பி கேட்டுத்தான் ஆடுனாருன்னு சொல்லுவேன். பூலோகம் வாயில வேற வார்த்தை வராது.

உங்க போனை மட்டும் எறங்குறப்போ மச்சான்கிட்ட குடுத்துருங்க.